சும்மா வந்தவள்

அந்தச் சலவை ஆலையின் கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று ஒரு பலகை தொங்கும். ஆள் பற்றாமல் திண்டாடியபோதும் தொங்கியது; இருக்கிற ஆட்களைக் கழித்துக் கட்டியபோதும் தொங்கியது. கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் அதன் எழுத்துகளையும் புதுப்பித்து மாட்டுவார்கள். உள்ளே வேலை பார்த்த அத்தனை பேரில் அந்தப் பலகையைப் படித்துவிட்டு வந்தவர் என்று பார்த்தால் ஒரே ஒரு பெண்தான். அதில் எழுதியிருந்ததை நம்பிய குற்றத்துக்காக அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: சும்மா வந்தவ.

வந்த அன்று வாசலில் நடந்ததை வாட்ச்மேன் எல்லோரிடமும் நடித்துக் காட்டுவார்.

"யாரைப் பாக்கணும்?"

"வேலைக்கு வந்திருக்கேன்."

"சரிம்மா, யாரு அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல. போர்டு போட்டிருக்கீங்களே."

வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து, கேட்டுக்கு வெளியே போய், பலகையைப் படித்துப் பார்த்தார். அதற்கு முன் அவரும் படித்ததில்லை. "அட, ஆமா" என்றார்.

அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அன்றைக்கு இஸ்திரிப் பிரிவுக்கே கல்யாணம். அந்தப் பிரிவில் இருந்த எல்லோரும் ஒரே குடும்பம். யாரோ ஒரு மாமன் மகளுக்குக் கல்யாணம் என்று மொத்தமாகக் கிளம்பிப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரத்தோடு மலையாகக் குவிந்து கிடந்தன. ஆளுயர ரோலர் சூடாகிச் சுற்றிக்கொண்டிருந்தது, அதில் விரிப்பை விடத்தான் ஆளில்லை. சூப்பர்வைசர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் இவள் போய் நின்றாள். கல்யாண வீட்டார் தூக்கக் கலக்கத்தோடு திரும்பி வந்தபோது, அவர்களைவிட வேகமாக விரிப்புகளை விட்டுக்கொண்டிருந்தாள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அதை யார் மூலமாகச் சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் அந்த ஆலையில் யாரையும் யாரும் நேராகத் திட்டுவதில்லை. உன்னை யார் கூட்டிவந்தாரோ அவர்தான் உனக்குப் பொறுப்பு. நீ செய்த தப்புக்கு அவர் திட்டு வாங்குவார். உனக்குச் சொல்ல வேண்டியதையும் அவரிடம்தான் சொல்வார்கள். ஒருமுறை உலர்த்தும் இயந்திரத்தில் நின்றவன் தலையணை உறைகளைக் கருக்கிவிட்டான். சூப்பர்வைசர் அவனைத் தாண்டி நடந்துபோய், வாசலில் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம், "உன் ஆளு பண்ணின வேலையைப் பாத்தியா?" என்று கத்தினார். டிரைவர் கூட்டிவந்த ஆள் அவன், மனைவியின் தம்பி. மச்சானை நாலு பேர் முன்னால் ஏசினால் வீட்டில் சோறு கிடைக்காது. எனவே டிரைவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தினார். மனைவி தம்பிக்கு போன் போட்டு அழுதாள். பத்தடி தூரம் நடந்துபோக வேண்டிய ஒரு திட்டு, இரண்டு வீடு ஏறி இறங்கி, மறுநாள் அதே இயந்திரத்தின் பக்கத்தில் அவன் காதுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் இன்னொரு கட்டு உறை கருகியிருந்தது.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார் முதலாளி. எல்லா முதலாளிகளும் சொல்வதுதான். இவர் சொன்னதில் மட்டும் பொய் இல்லை.

சங்கம் கட்டுகிறோம் என்று போய் நாங்கள் மண்ணைக் கவ்விய இடம் அது. துண்டறிக்கையை வாங்கி மரியாதையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். 'சாப்பாட்டு நேரத்தைப் பிடுங்காதே என்று கேட்கலாம், வா தோழா' என்றால், "என்னைக் கூட்டிட்டு வந்தது எங்க சித்தப்பா. நாளைக்கு அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்பார்கள். சித்தப்பாவிடம் போனால், அவரைக் கூட்டிவந்தது அவருடைய சம்பந்தி. சம்பந்தியைக் கூட்டிவந்தது சூப்பர்வைசர். சூப்பர்வைசரைக் கூட்டிவந்தது முதலாளியின் மைத்துனர். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அது முதலாளியின் சட்டையில்தான் போய் முடிந்தது. சுரண்டலைப் பற்றி நாங்கள் அச்சடித்ததையெல்லாம் ஒரு சித்தப்பா தோற்கடித்துவிட்டார்.

இந்த நூல்கண்டுக்குள் எதிலும் சிக்காமல் இருந்தவள் இவள் ஒருத்திதான். சேர்ந்த புதிதில் ஒருநாள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விரிப்புக் கட்டை லாட்ஜ் வண்டியில் ஏற்றிவிட்டாள். சூப்பர்வைசர் முகம் சிவக்க ரோலர் பக்கம் வந்தார். வாயைத் திறந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். திட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆளைத் தேடினார். யாரும் இல்லை. "ம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு பல வருஷம் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த 'ம்' மட்டும்தான். நல்ல சேதிக்கும் வழி அதே வழிதான் என்பதால், அவளைப் பாராட்டியும் ஒரு சொல் வந்ததில்லை. நல்ல ஷிப்ட், ஜன்னலோர இடம், புது ஏப்ரன் எல்லாம் கூட்டிவந்தவர் கேட்டு வாங்கித் தருபவை. இவளுடைய ஏப்ரன் நைந்து வலையானது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்கும் பெண்ணுக்கு 'ஜோடி' என்று பெயர். அவளிடம் சொல்வாளாம்: "நான் பண்ற தப்புக்கு யாரும் தலை குனிய வேண்டாம். யாரு பண்ற தப்புக்கும் நான் குனிய வேண்டாம். இது போதும்டி எனக்கு."

"பெரிய மகாராணி" என்பாள் ஜோடி. "ஏப்ரனைப் பாரு, அதுல காப்பி வடிகட்டலாம்."

மகாராணி குடியிருந்தது தங்கச்சி வீட்டின் பின்அறையில். புருஷன் போனபிறகு ஒரு பெட்டியோடு அங்கே வந்தவள். தங்கச்சி சமைப்பாள், இவள் பாத்திரம் தேய்ப்பாள், இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து ஊரில் இருக்கிற எல்லோரையும் கிழிப்பார்கள். இவளுக்கு உலகத்தில் வேறு துணை கிடையாது. வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது.

சங்கடம் தங்கச்சியின் புருஷன். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பேசுவார். பேசுகிற நேரத்தில் வேலை என்று ஒன்று இருப்பது அவருக்கு மறந்துவிடும். குடோன், பெட்ரோல் பங்க், கூரியர் கம்பெனி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு சொந்தக்காரர் சேர்த்துவிட்டார். ஒவ்வொரு வேலை போனபோதும் அந்தச் சொந்தமும் பேச்சை நிறுத்திக்கொண்டது. இப்படிச் சித்தப்பா, பெரியப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் எல்லோரையும் செலவழித்துவிட்டு அவர் வீட்டில் வந்து உட்கார்ந்தபோது, கையிருப்பில் மிச்சமிருந்தது இவள் மட்டும்தான்.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லேன்" என்று தங்கச்சி ஆரம்பித்தாள்.

"நான் யாரையும் கூட்டிட்டுப் போறதில்லடி. உனக்குத் தெரியாதா?"

"யாரையோவா கேக்கறேன்? என் புருஷனைத்தானே கேக்கறேன்."

"வாசல்ல போர்டு தொங்குது. அதைப் பாத்து வரச் சொல்லு. நான் அப்படித்தானே போனேன்."

அவரும் போனார். வாட்ச்மேன், "யாரு அனுப்பினாங்க?" என்று கேட்டார். "போர்டைப் பாத்து வந்தேன்" என்றார் மாப்பிள்ளை. "ஒருத்தி வந்தா, அதோட சரி. எல்லாரும் அதையே சொன்னா எப்படி?" என்று வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

அன்றிலிருந்து தங்கச்சி அடுப்படியில் பாத்திரத்தை வைக்கிற சத்தம் மாறியது. சோற்றைப் போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பற்றிச் சுவரிடம் பேசுவாள். ஆலையில் எந்தச் சூப்பர்வைசருக்கும் வளையாதவள் ஒரு குழம்புக் கரண்டியின் சத்தத்துக்கு வளைந்தாள். மறுவாரம் சூப்பர்வைசரிடம் போய், "எங்க வீட்டு மாப்பிள்ளை ஒருத்தர் இருக்காரு" என்றாள்.

சூப்பர்வைசரின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதுவரை யாரும் கண்டதில்லை. "கூட்டிட்டு வாங்க, தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றார். பின்னே? எத்தனை வருஷமாக விலாசம் இல்லாமல் கிடந்த ஆள். இப்போது தானே வந்து விலாசம் எழுதிக் கொடுக்கிறாள்.

மாப்பிள்ளையை அழுக்குத் துணி பிரிக்கும் இடத்தில் போட்டார்கள். ஆஸ்பத்திரித் துணி ஒரு டிராலி, லாட்ஜ் துணி ஒரு டிராலி, டாக்டர் கோட்டுகள் தனி. சில நாள் கழித்துச் சூப்பர்வைசர் ரோலர் பக்கம் வந்து இவளிடம், "கோட்டு பாக்கெட்டையெல்லாம் கைவிட்டுப் பாத்துட்டுப் போடணும்னு உங்க ஆளுகிட்ட சொல்லிடுங்க" என்றார். மாப்பிள்ளை அங்கிருந்து கூப்பிடுகிற தூரத்தில்தான் நின்றார். இவளுக்கு எரிச்சலாக வந்தது. தலையையும் ஆட்டவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாயிருக்கிற மனுஷன் காதிருக்கிற மனுஷனிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்று விரிப்பை விடப் போய்விட்டாள்.

அடுத்த நாள் ஏதோ ஒரு டாக்டர் தன் கோட்டில் பேனாவை மறந்துவிட்டார். அந்தக் கோட்டு மாப்பிள்ளை கையில் வந்த நேரம், அவர் பக்கத்து ஆளிடம் கூரியர் கம்பெனியின் ஊழல்களை விளக்கிக்கொண்டிருந்தார். கோட்டு தவறிப்போய் விரிப்புகளோடு மெஷினுக்குள் போனது. கொதிநீரில் பேனா உருகித் திறந்துகொண்டது. கதவைத் திறந்தபோது ஒரு மெஷின் நிறைய வெள்ளை விரிப்பு, மேகம் மேகமாக நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்ததாம்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். மாப்பிள்ளையைத் தாண்டி ஓடி வந்தார். ரோலர் முன்னால் நின்று, இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார். லாட்ஜ் வண்டியில் ஏற்றிய அந்தப் பழைய கட்டுகூட அதில் இருந்தது.

அவள் ரோலரை நிறுத்தினாள். பிரிவே அமைதியானது.

"சார், பாக்கெட்டைப் பாக்காம போட்டது யாரு?"

"உன் ஆளு!"

"அவரு அதோ நிக்கறாரு. காது நல்லா கேக்கும். அவரைத் திட்டுங்க."

"கூட்டிட்டு வந்தது நீதானே?"

"அப்ப நான் கூட்டிட்டு வரல. வாபஸ் வாங்கிக்கறேன்."

"எதை?"

"கூட்டிட்டு வந்ததை."

அந்த ஆலையில் அதுவரை அப்படி ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை. கல்யாணக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், "அதெல்லாம் வாபஸ் வாங்க முடியுமா?" என்று பக்கத்தில் விசாரித்தார். அவர் கூட்டிவந்தவர்களின் முகங்கள் அவர் கண்முன் ஒவ்வொன்றாக வந்து போயிருக்க வேண்டும்.

"வாபஸ் வாங்கினா அவனுக்கு யாரும் இல்லேன்னு ஆயிடும். யாரும் இல்லாதவனை வச்சுக்க முடியாது" என்றார் சூப்பர்வைசர்.

"எனக்கு யாரு இருந்தா? என்னை வச்சுக்கலயா?"

சூப்பர்வைசர் மேலே மேனேஜரிடம் போனார். மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "யாரோட ஆளு?"

"யாரோட ஆளும் இல்ல சார், இப்ப."

"அப்ப யாரைத் திட்டறது?"

"அவனையேதான் சார் திட்டணும்."

மேனேஜர், "சரி. திட்டிப் பாரு, என்ன ஆகுதுன்னு" என்றார்.

சூப்பர்வைசர் இறங்கி வந்து, தொண்டையைச் செருமி, மாப்பிள்ளை முன்னால் நின்றார். "உன் ஆளு பண்ணின..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, நிறுத்தி, "நீ... நீங்க பண்ணின வேலையைப் பாத்தீங்களா?" என்றார். இதுவரை அவர் திட்டியவர்கள் எல்லாம் தப்புச் செய்யாதவர்கள், குனிந்து கேட்டுக்கொள்வார்கள். தப்புச் செய்தவனை நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல்முறை. அவன் பதில் சொல்வான் என்பது அவருக்குத் தெரியாது.

"பாத்தேன் சார். ஆனா பாக்கெட்டைப் பாக்கணும்னு என்கிட்ட யாரு சொன்னா?" என்றார் மாப்பிள்ளை.

"உங்க அக்காகிட்ட சொல்லி அனுப்பினேனே!"

எல்லோரும் ரோலர் பக்கம் திரும்பினார்கள். அவள் மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

மாப்பிள்ளையின் வேலை போகவில்லை. அவரை வேலையை விட்டு நிறுத்துவதென்றால் நேராக அவரிடமே சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு யாருக்கும் இன்னும் பழக்கம் வரவில்லை. பேசுகிறவர் என்பதால், தினமும் திட்டு வாங்கி, தினமும் பதில் கொடுத்து, அவர் சூப்பர்வைசருக்கு ஒரு விதத்தில் சிநேகிதராகவே ஆகிவிட்டார். பாக்கெட்டுகளையும் பார்த்தார்.

வீட்டில்தான் விடியவில்லை. மாப்பிள்ளை பேனா கதையைச் சொன்ன அன்றே தங்கச்சி பின்அறை வாசலில் வந்து நின்றாள்.

"உன்கிட்ட சொல்லி அனுப்பினாங்களா இல்லையா?"

"அனுப்பினாங்க."

"சொன்னியா?"

"நான் என்ன தபால்காரியா?"

"ஒரு வார்த்தைதானே அக்கா. பாக்கெட்டைப் பாருங்கன்னு. அவ்வளவு கௌரவமா உனக்கு?"

தங்கச்சி அதன் பிறகு பேசுவதை நிறுத்தினாள். சோறு வரும், சொல் வராது. ஊரைக் கிழிக்காத அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட இவளால் முடியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு அறை தேடக் கிளம்பினாள்.

தேடியபோதுதான் தெரிந்தது, ஆலை கேட்டுக்கு வெளியிலும் அதே ஆலைதான் என்று. 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்குகிற வாசல்களில் எல்லாம் முதல் கேள்வி, "யாரு சொல்லி வந்தீங்க?" அட்டை சொல்லி வந்தேன் என்றால் அறை அந்த நிமிஷமே போயிருக்கும். கடைசியில் ஒரு மாடி அறை. வீட்டுக்காரம்மா மேலும் கீழும் பார்த்து, "தனியா இருக்கிற பொம்பளை. உங்களுக்குன்னு ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், தரேன்" என்றார்.

"எனக்கு அப்படி யாரும் இல்லைங்க."

"யாரும் இல்லாதவங்களுக்கு எப்படிம்மா தர்றது?"

பெட்டியை அந்த மாடி வாசலிலேயே வைத்துவிட்டு அன்றிரவு ஜோடி வீட்டில் படுத்தாள். அவள் யாரையும் கேட்கவில்லை. ஜோடி கேட்டுவிட்டாள். அடுத்த நாள் இவள் பெட்டியை எடுக்க அந்த மாடிப்படி ஏறியபோது, வீட்டுக்காரம்மாவின் நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையில், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அறையின் காற்றோட்டம் முதல் நாட்டு நடப்புவரை பேசி முடித்து, முடிவுரைக்கு வந்திருந்தார்.

"எங்க அக்காதாங்க. தங்கமானவங்க. கொஞ்சம் முசுடு, அது குடும்ப வாகு. எதுன்னாலும் அவங்களைக் கஷ்டப்படுத்தாதீங்க, என்கிட்ட சொல்லுங்க. நான் பொறுப்பு."

இவள் படியிலேயே நின்றாள். அந்தக் கடைசி வார்த்தையை வாபஸ் வாங்கச் சொல்லலாம். சொன்னால் மறுபடி தெருவில் இறங்கி அட்டைகளைப் படிக்க வேண்டும். வீட்டுக்காரம்மா சாவியை நீட்டினார். அதுவும் மாப்பிள்ளை கையில்தான். அவர் அதை வாங்கி இவளிடம் கொடுத்தார். இவள் வாங்கிக்கொண்டாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மாடி அறையில் வேலைக்கும் தூக்கத்துக்கும் நடுவில் நிறைய நேரம் மிச்சமிருந்தது. தங்கச்சி வீட்டுத் தெரு வழியாக நடந்தால் ஆலைக்குச் சுற்று. அந்தச் சுற்றிலேயே போய்ப் பார்த்தாள். ஒருநாள் வாசலில் தங்கச்சி நின்றாள், இவளைப் பார்த்ததும் உள்ளே போனாள். அதன் பிறகு நேர்வழியில் போனாள். வீட்டுக்காரம்மா மட்டும் படியில் பார்க்கும்போதெல்லாம் வாய் நிறையச் சிரிப்பார். நல்ல மனுஷி என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், ரோலர் முழு ஓட்டத்தில் இருந்தபோது, மாப்பிள்ளை அழுக்குத் துணிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். வரும்போதே நடையில் ஒரு பதவி தெரிந்தது. பின்னால் சூப்பர்வைசரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

"அக்கா, உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு."

"யாருகிட்டேருந்து?"

"வீட்டுக்காரம்மா. நீங்க காயப்போடற துணி சொட்டுச் சொட்டா கீழ அவங்க வாசல்ல வடியுதாம். ரெண்டு தடவை வழுக்கி விழப் பாத்தாங்களாம்."

"தினம் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்களே! நேரா என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"அதெப்படி? கூட்டிட்டு வந்தவன் நானு" என்றார் மாப்பிள்ளை. ஒவ்வொரு எழுத்தையும் சுவைத்துச் சொன்னார். "என்னை நிக்க வச்சு அரைமணி நேரம் கிழிச்சாங்க. குனிஞ்சு கேட்டுக்கிட்டேன், என்ன பண்றது? சலவை ஆலையில வேலை பாக்கிற பொம்பளைக்குத் துணியைப் பிழியத் தெரியாதான்னு கேக்கறாங்க."

சூப்பர்வைசர் சிரித்தார். ஜோடி சிரிப்பை அடக்க விரிப்பால் வாயை மூடிக்கொண்டாள். இவள் முகம் ரோலரைவிடச் சூடாகியிருந்தது. பதிலுக்கு ஏதோ ஒன்று, மாப்பிள்ளையை வந்த வழியே திருப்பி அனுப்பக்கூடிய ஒன்று, நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அவளும் சொன்னா" என்றார் மாப்பிள்ளை.

"யாரு?"

"உங்க தங்கச்சிதான். நேத்து வீட்ல இதைச் சொன்னேன். 'அவளுக்கு எப்பவுமே பிழிய வராது, சின்ன வயசுலேருந்தே அவ துணியையும் நான்தான் பிழிவேன், கையில வலுவே கிடையாது, வாயில மட்டும்தான்'னு சொல்லச் சொன்னா."

விரிப்பு ஒன்று ரோலரின் மறுபக்கம் கோணலாக வெளியே வந்து விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை, வந்த வேலை முடிந்தது என்று திரும்பினார். நாலடி போவதற்குள் அவள் பின்னாலேயே போய்ச் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள்.

"மாப்பிள்ளை, நில்லுங்க. அவ வேற என்ன சொன்னா?"